காற்றுக்கு இடம்விட்ட எஞ்சின்

அவிசாவளையிலிருந்து கித்துல்கல வழியாக கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை என்று ஏறி நுவரெலியாவைத் தொடும் ஏ7 பெருந்தெரு, ஒரு காரின் எஞ்சினுக்கும் அதைச் சூழ்ந்த காற்றுக்கும் உள்ள உறவை முழுமையாகச் சோதிக்கும் பாதை. கித்துல்கலயின் கனத்த ஈரக்காற்றில் புறப்படும் கார், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடையும்போது, கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்த காற்றில் ஓடுகிறது. இந்தப் பாதையின் உச்சியில்தான் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டப் போட்டி நடக்கிறது. ஏப்ரல் மாதம் அங்கே வந்து நிற்கும் கார்களில் பெரும்பாலானவற்றின் முதுகில் ஓர் இறக்கை இருக்கும். போர்முலா வன் காரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதிலிருந்து முதலில் எடுத்துக்கொள்வது இறக்கையைத்தான். ஆனால் அந்தக் கார்களின் வரலாறு கற்றுத்தரும் பாடம் இறக்கையில் இல்லை. எஞ்சினை எங்கே, எந்தச் சாய்வில், எத்தனை அகலத்தில் வைப்பது என்ற தீர்மானத்தில் இருக்கிறது. பந்தயக் கார் எஞ்சினின் மதிப்பில் பாதிதான் அது தரும் குதிரைவலுவில் இருக்கிறது. காற்றுக்கு அது எவ்வளவு இடம் விடுகிறது, தன் வெப்பத்தை எவ்வளவு சிறிய வாயில் வழியாக வெளியேற்றுகிறது என்பதில் மறுபாதி இருக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் அதுவே. அது நம் மலைப் பாதைகளுக்கும் பொருந்தும், பலர் நினைக்கும் வழியில் அல்லாவிட்டாலும்.

காற்று காருக்கு மூன்று வேலைகளைச் செய்கிறது. முன்னே செல்ல விடாமல் தடுக்கிறது, தரையோடு சேர்த்து அழுத்துகிறது, எஞ்சினைக் குளிர்விக்கிறது. முதலிரண்டும் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்பவை. வேகம் இருமடங்கானால் தடையும் கீழழுத்தமும் நான்கு மடங்காகும். அந்தத் தடையை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்காகும். கீழழுத்தத்தைப் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விமான இறக்கையைத் தலைகீழாக்கி மேலே பொருத்துவது. இதற்குத் தடை என்ற விலையைக் கணிசமாகக் கொடுக்க வேண்டும். மற்றொன்று, காரின் அடித்தளத்தையே இறக்கையாக்குவது. கித்துல்கலயில் பாறைகளுக்கிடையே நெருக்குண்ட களனி ஆறு அந்த இடத்தில் விரைந்தோடி, ஓடும் மட்டத்திலும் தாழ்ந்துவிடுவதைப் படகோட்டிகள் நன்கறிவார்கள். காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் காற்றும் அப்படித்தான் விரைகிறது, அதன் அழுத்தம் தாழ்கிறது, கார் கீழே உறிஞ்சப்படுகிறது. ஆனால் அந்தக் காற்று பின்பக்கத்தில் மெல்ல மெல்ல விரியும் ஒரு சுரங்கத்தின் வழியே வெளியேற வேண்டும். அந்தச் சுரங்கம் கேட்கும் இடம், எஞ்சினும் கியர்பொக்ஸும் வழக்கமாகக் குடியிருக்கும் இடம். ஐம்பது ஆண்டுகளாக வடிவமைப்பாளர்கள் போராடுவது இந்த ஒரே இடத்துக்காகத்தான்.

எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் போனதற்குத் தொடக்கத்தில் காற்று காரணமாக இருக்கவில்லை. மகாகஸ்தோட்டைப் போட்டி பிறந்த அதே 1934இல், ஃபெர்டினண்ட் போர்ஷே வரைந்த ஓட்டோ யூனியன் கார் பதினாறு சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் சுமந்து ஐரோப்பியப் பந்தயங்களுக்கு வந்தது. அதை மலையேற்றப் போட்டிகளில் ஓட்டி ஹன்ஸ் ஷ்டுக் பெயரெடுத்தார். போருக்குப் பின், 1946இல், இங்கிலாந்தின் சார்ள்ஸ் கூப்பரும் அவருடைய மகன் ஜோனும் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றை வைத்துச் சிறிய பந்தயக் கார் செய்தார்கள். அந்த எஞ்சின் சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டுவது. எனவே பின்சக்கரத்துக்கு அருகில் வைப்பதே எளிது. அவ்வளவுதான் காரணம். ஆனால் ஓட்டுநருக்கு அடியில் ஓட வேண்டிய நீண்ட தண்டு இல்லாமற் போனதால் இருக்கை தாழ்ந்தது; கார் குறுகியது; காற்றை எதிர்கொள்ளும் முகப்பு சிறுத்தது. 1958இல் ஆர்ஜென்டீனாவில் ஸ்டேர்லிங் மொஸ் பின்-எஞ்சின் கூப்பரில் வென்றார். 1959, 1960 இரண்டு ஆண்டும் ஜாக் பிரபாம் கூப்பரிலேயே உலகப் பட்டம் பெற்றார். எதிரிகளிடம் கூடுதல் வலு இருந்தும் முன்-எஞ்சின் கார்களின் காலம் முடிந்தது. இதே வழியைக் கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் கண்டுகொண்டார். சந்தையில் கிடைத்த மாருதி 800 எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து அவர் உருவாக்கிய ஃபோர்முலா மாருதி கார்கள்தான் ஒரு தலைமுறைத் தமிழ் ஓட்டுநர்களுக்குப் பள்ளிக்கூடமாயின. 2005இல் ஜோர்டன் அணிக்காக போர்முலா வன்னில் நுழைந்த நரேன் கார்த்திகேயன் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர். சாதாரண எஞ்சினுக்குச் சரியான இடம் கொடுத்தாலே அது பந்தய எஞ்சினாகிவிடும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று நமக்கு வேண்டியதில்லை.

காற்று வெளிப்படையாக எஞ்சினின் வடிவத்தையே தீர்மானிக்கத் தொடங்கியது 1970களின் இறுதியில். அதற்கான களத்தைப் பத்தாண்டு முன்பே கீத் டக்வேர்த்தின் கொஸ்வேர்த் டிஎஃப்வி எஞ்சின் அமைத்துவிட்டது. 1967 ஜூனில் ஸான்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் 49இல் முதன்முதலாக ஓடி அன்றே வென்ற அந்த எட்டு சிலிண்டர் எஞ்சின், சட்டகத்துக்குள் வைக்கப்பட்ட பொருளாக இருக்கவில்லை; அதுவே சட்டகத்தின் பின்பாதியாக இருந்தது. முன்னால் ஓட்டுநர் கூடு, பின்னால் கியர்பொக்ஸ், நடுவில் பாரத்தைத் தாங்கும் எஞ்சின். பக்கவாட்டில் வேறு எதுவும் தேவைப்படவில்லை. கொலின் சாப்மனின் குழு 1978இல் லோட்டஸ் 79ஐ இறக்கியபோது, இந்தக் குறுகிய எஞ்சினின் இருபுறமும் கிடந்த வெற்றிடமே காற்றுச் சுரங்கமாயிற்று. மரியோ அன்ட்ரெட்டி அவ்வாண்டு உலக வீரரானார். எதிரணியில் பெராரியிடமும் அல்ஃபா ரோமியோவிடமும் இருந்தவை, சிலிண்டர்கள் இருபுறமும் படுத்துக் கிடக்கும் பன்னிரு சிலிண்டர் எஞ்சின்கள். வலுவில் அவை கொஸ்வேர்த்தை மிஞ்சின. எடையைத் தரைக்கு அருகில் வைத்திருந்ததால் ஒருகாலத்தில் புத்திசாலித்தனமான அமைப்பாகவும் போற்றப்பட்டன. ஆனால் சுரங்கம் செல்ல வேண்டிய இடத்தில் அவற்றின் சிலிண்டர் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அல்ஃபா எஞ்சினைப் பயன்படுத்திய பிரபாம் அணியின் கோர்டன் மரே வேறு வழியின்றிக் காரின் பின்னால் ஒரு பெரிய மின்விசிறி போன்ற உறிஞ்சியைப் பொருத்தினார். 1978 ஜூனில் சுவீடனின் அன்டர்ஸ்டோர்ப்பில் நிக்கி லௌடா அதில் வென்றார். அந்த ஒரு போட்டியோடு அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு அல்ஃபா ரோமியோ பழைய எஞ்சினைக் கைவிட்டு, காற்றுச் சுரங்கத்துக்கு வழிவிடும் குறுகிய வி-12 எஞ்சினைச் செய்து கொடுத்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். படுத்த எஞ்சின் அவ்வளவு பெரிய குறையென்றால், 1979இல் பெராரி அதே எஞ்சினுடன் ஜோடி ஷெக்டருக்கு உலகப் பட்டம் பெற்றுத் தந்தது எப்படி? அவ்வாண்டு சுரங்கக் கார்கள் இன்னும் முதிரவில்லை. வேகமான கார்கள் பல பந்தயத்தை முடிக்காமலே நின்றன. பெராரி ஓடி முடித்தது. ஓடி முடிப்பதும் ஒரு வடிவமைப்புத் திறமைதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மறு ஆண்டு நடந்ததைப் பாருங்கள். எதிரிகளின் சுரங்கங்கள் முதிர்ந்ததும், உலக வீரரின் அணி 1980 முழுவதிலும் எட்டே புள்ளிகள் எடுத்துப் பத்தாமிடத்துக்குச் சரிந்தது. எஞ்சின் அதேதான், ஓட்டுநர்களும் அவர்களேதான். 1981இல் பெராரி அந்த எஞ்சின் பரம்பரையையே விட்டுவிட்டு ஆறு சிலிண்டர் டர்போவுக்கு மாறியது.

1983இல் தட்டையான அடித்தளம் கட்டாயமானது. சுரங்கங்கள் போயின, ஆனால் போட்டி மேற்பரப்புக்கு மாறியதே தவிர ஓயவில்லை. பின்னிறக்கைக்குச் சுத்தமான காற்று போய்ச்சேர வேண்டுமானால் அதற்கு முன்னாலுள்ள எஞ்சின் தாழ்ந்திருக்க வேண்டும். மரே 1986இல் பிரபாம் பிடி55 காருக்காக பி.எம்.டபிள்யூவின் நான்கு சிலிண்டர் எஞ்சினை 72 பாகை சாய்த்துப் படுக்கவைத்தார். காரணம் சரி, காரும் அழகு. ஆனால் சாய்ந்த எஞ்சினுக்குள் ஒயில் சரியாக வடிந்து திரும்பவில்லை. அணி அந்த ஆண்டு இரண்டே புள்ளிகள் பெற்றது. இரண்டு ஆண்டுக்குப் பின் மக்லரன் எம்பி4/4 அதே தாழ்வை, கிராங்க் தண்டு தாழ்த்தப்பட்ட ஹொண்டா வி-6 எஞ்சினோடு அடைந்தது; பதினாறு போட்டிகளில் பதினைந்தை வென்றது. இரண்டு கார்களும் காற்றுக்கு ஒரே பதிலைத்தான் சொன்னன. ஒன்றில் எஞ்சின் அந்தப் பதிலுக்கு வற்புறுத்தி வளைக்கப்பட்டது. மற்றதில் எஞ்சினே அதற்கு ஏற்றதாக இருந்தது. ரெனோவின் அனுபவமும் இதே வகை. 2001இல் அவர்கள் சிலிண்டர் வரிசைகளை 111 பாகைக்கு விரித்து மிகத் தாழ்வான வி-10 எஞ்சினைச் செய்தார்கள். எடைமையம் இறங்கியது; அதிர்வும் பலவீனமும் ஏறின. 2004இல் 72 பாகைக்குத் திரும்பினார்கள், 2005இல் பட்டம் வென்றார்கள். தாழ்வு நல்லது என்று மட்டும் கற்றுக்கொண்டவர்கள் இந்த மூன்று உதாரணங்களில் இரண்டில் தோற்றிருப்பார்கள்.

2014இல் வந்த டர்போ-கலப்பின எஞ்சின் காலம் இந்த வாதத்துக்குக் கடுமையான சோதனை, ஏனென்றால் அப்போது வெப்பம் நடுவே வந்து நின்றது. டர்போவில் இரண்டு பாகங்கள் உண்டு. வெளியேற்றப் புகையால் சுழலும் சக்கரம் ஒன்று. அதனால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் திணிக்கும் கம்பிரஷர் மற்றொன்று. வழக்கமாக இரண்டும் ஒட்டியிருக்கும். ஒன்றின் கொதிப்பு மற்றதன் காற்றைச் சூடாக்கும். சூடான காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். அதற்குப் பக்கப்பெட்டிகளில் இடமும் காற்று வாயிலும் வேண்டும். வாயில் பெருத்தால் தடை பெருகும். மெர்சிடஸ் இரண்டையும் பிரித்தது. கம்பிரஷரை எஞ்சினின் முன்னாலும் புகைச்சக்கரத்தைப் பின்னாலும் வைத்து, சிலிண்டர் வரிசைகளுக்கிடையே நீண்ட தண்டால் இணைத்தது. குழாய்கள் குட்டையாயின, குளிர்விப்புச் சுமை குறைந்தது, காரின் பின்பகுதி ஒல்லியாயிற்று. அவ்வாண்டுப் பத்தொன்பது போட்டிகளில் பதினாறு மெர்சிடஸுக்கு. ‘அது வெறும் வலுவின் வெற்றிதானே’ என்று கேட்பவர்களுக்கு அதே ஆண்டின் பட்டியலே பதில். வில்லியம்ஸ், மக்லரன், ஃபோர்ஸ் இந்தியா ஆகிய மூன்று அணிகளும் மெர்சிடஸ் எஞ்சினைத்தான் வாங்கி ஓட்டின. மூன்றும் சேர்ந்து ஒரு போட்டியைக்கூட வெல்லவில்லை. எஞ்சினையும் காரையும் ஒன்றாக வரைந்தவர்களுக்குக் கிடைத்தது, எஞ்சினைப் பெட்டியில் வாங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை. வலு பெரிது, ஐயமில்லை. ஆனால் அதே வலு நான்கு கார்களில் நான்கு விதமாகப் பலித்தது.

மறுபக்கச் சான்றுகளையும் மறைக்கக்கூடாது. 2015இல் மக்லரனும் ஹொண்டாவும் காரின் பின்பகுதியை முடிந்தவரை இறுக்கிச் சுருக்கினார்கள். கம்பிரஷரைச் சிலிண்டர்களின் நடுவே அடங்கும்படி சிறிதாக்கினார்கள். சிறிய கம்பிரஷர் போதிய காற்றைத் தரவில்லை, எஞ்சின் அடிக்கடி உடைந்தது, அணி ஒன்பதாமிடத்தில் முடித்தது. 2017இல் ஹொண்டா மெர்சிடஸ் வழியிலான பிரிந்த அமைப்புக்கு மாறியது. 2022இல் காற்றுச் சுரங்கங்களை விதிகள் மீண்டும் அனுமதித்தபோது, பக்கப்பெட்டிகளே இல்லையென்று சொல்லுமளவுக்கு ஒல்லியான காரை மெர்சிடஸ் கொண்டுவந்தது. ரேடியேட்டர்களையெல்லாம் உள்ளே மடக்கி அடுக்கிய அந்தத் திறமை வியக்கத்தக்கது. ஆனால் கார் வேகத்தில் தரையை முட்டி முட்டித் துள்ளியது. ஆண்டு முழுவதிலும் ஒரே வெற்றி, பிரேசிலில். 2023இன் மொனாக்கோ போட்டிக்குள் அந்த வடிவம் கைவிடப்பட்டது. ‘காற்றுக்காக எஞ்சினைச் சுருக்குவது ஒரு மூடநம்பிக்கை’ என்று இவற்றைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹொண்டா 2021இல் சிலிண்டர் இடைவெளியைக் குறைத்து, மேல்பகுதியைத் தாழ்த்தி, முன்னையதைவிடச் சிறிய எஞ்சினைத்தான் செய்தது. மக்ஸ் வெர்ஸ்டாப்பன் ரெட் புல்லில் அதனோடுதான் பட்டம் வென்றார். 2015இல் தவறியது சுருக்கம் அன்று. எஞ்சின் மூச்சுவிடத் தேவையான அளவைப் பார்க்காமல் சுருக்கியதுதான் தவறு. ஒல்லியான மெர்சிடஸிலும் வெளியிலிருந்த இடத்தை மிச்சம்பிடித்தார்களே தவிர, அந்த இடத்தைப் பெற்ற காற்று அடித்தளத்தை நிலையாக வைத்திருக்குமா என்பது விடுபட்டுப்போனது.

எஞ்சினை நகர்த்தவே முடியாத கார் ஒன்று உண்டு என்றால் அது போர்ஷே 911. பின் அச்சுக்கும் பின்னால் எஞ்சின் தொங்குவதுதான் அதன் அடையாளம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் போட்டியில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது தமிழர்கள் பலர் முதன்முறையாகக் கூர்ந்து பார்த்த பந்தயக் கார் அந்த வகைதான். சக்கரங்களுக்கு மேல் எடை இருப்பதால் வளைவிலிருந்து வெளியேறும்போது அது சிறந்த பிடிப்பைத் தரும். ஆனால் அடித்தளம் மேல்நோக்கி விரிய வேண்டிய இடத்தில் எஞ்சின் அமர்ந்திருக்கிறது. லெ மான் போட்டிக்கான ஆர்எஸ்ஆர் காருக்கு, 2017 பருவத்திலிருந்து போர்ஷே அந்தப் புனித விதியையே மீறி எஞ்சினை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தது. விடுபட்ட இடத்தில் பெரிய விரிதளம் வந்தது. 2018இல் லெ மானில் தன் பிரிவை வென்றது. எஞ்சினைப் பின்னாலேயே வைத்திருக்க வேண்டிய ஜிடி3 ஆர் காரின் அண்மைய வடிவத்தில் எஞ்சினை 5.5 பாகை சாய்த்து, அதற்குக் கீழே கொஞ்சம் இடம் பிடித்திருக்கிறார்கள். ஐந்தரைப் பாகைக்காக ஒரு எஞ்சினின் பிடிமானங்களையெல்லாம் மாற்றி வரைகிறார்கள் என்றால், அந்த இடத்தின் விலை என்னவென்று புரியும்.

இதெல்லாம் மணிக்கு முந்நூறு கிலோமீற்றரில் ஓடும் கார்களின் கதை, மகாகஸ்தோட்டையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ராதெல்ல மலையேற்றப் போட்டியின் தேயிலை ஓரத்துப் பாதைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி மிகவும் சரியானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மீற்றர் அகலமும் முப்பது சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட நல்ல இறக்கை ஒன்று, நுவரெலியாக் காற்றில், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சுமார் 10 கிலோ அளவுக்குத்தான் காரை அழுத்தும். 100 கிலோமீற்றரில் அது 27 கிலோ அளவாகும். 200 கிலோமீற்றரில் 106 கிலோ. ஒரு தொன்னை நெருங்கும் காருக்கு, மெதுவான வளைவில் பத்துக் கிலோ என்பது ஒரு சதவீதம். அந்த இறக்கையும் அதன் தாங்கிகளும் காருக்குச் சேர்க்கும் எடையே ஏறத்தாழ அவ்வளவு வரும். எனவே அத்தகைய வளைவுகளில் இறக்கை செய்வது மிகக் குறைவு. இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் வேகமான மலைப் பாதைகளில் கதை வேறு. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் பாதை 4,302 மீற்றரில் முடிகிறது. 2018இல் அதை 7 நிமிடம் 57 விநாடியில் ஏறிய ஃபோக்ஸ்வாகன் மின்காருக்கு மிகப் பெரிய பின்னிறக்கை தேவைப்பட்டதற்குக் காரணம், மெல்லிய காற்றில் சாதாரண இறக்கை பட்டினி கிடக்கும் என்பதே. 2,200 மீற்றருக்கு மேலுள்ள மெக்சிகோ நகரத்திலும் போர்முலா வன் அணிகள் மொனாக்கோ அளவு இறக்கையைப் பொருத்திக்கொண்டு மிகக் குறைந்த தடையோடு பறக்கின்றன. அங்கே அவர்களைத் தூங்கவிடாதது இறக்கை அன்று, குளிர்விப்பு. மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகவே சுமந்து செல்லும். உடலின் வாயில்களை அகலத் திறக்க வேண்டியிருக்கிறது.

நம் மலைநாட்டுக்கு அங்கிருந்து வர வேண்டிய பாடம் அதுதான். நுவரெலியாவில் டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒன்றை இழக்கிறது. அதே அளவுக்கு ரேடியேட்டர் வழியாகச் செல்லும் காற்றும் மெலிகிறது. ஏற்றத்தில் எஞ்சின் முழு வலுவில் உழைக்கும்போது கார் மெதுவாகப் போகிறது. அதாவது வெப்பம் உச்சத்திலிருக்கும்போது காற்று வரத்து மிகக் குறைவு. இந்த முரண்பாட்டை வெவ்வேறு கார்கள் வெவ்வேறு விதமாகக் கையாண்டன. நம் பந்தயங்களில் நன்கறிமுகமான இரண்டையே எடுத்துக்கொள்ளலாம். சுபாரு இம்ப்ரெசாவின் டர்போ வகைகள் இன்டர்கூலரை எஞ்சினின் மேலேயே படுக்க வைத்து, பொனட்டில் ஒரு வாயைத் திறந்தன. குழாய் குட்டை, எஞ்சின் உடனே பதில் சொல்லும். ஆனால் மெதுவான ஏற்றத்தில் கீழிருந்து எழும் வெப்பம் அதையே சுடும். மிட்சுபிஷி லான்சர் எவோ இன்டர்கூலரை முகப்பில், பம்பருக்குப் பின்னால் வைத்தது. குளிர்ந்த காற்று நேரே கிடைக்கும். குழாய் நீளும், பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்கு அது நிழலாகவும் நிற்கும். எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. குறுகிய, நின்று தொடங்கும் ஒரு மலையேற்றத்துக்கும் நீண்ட சுற்றோட்டத்துக்கும் பதில்கள் மாறும். ஆனால் இரண்டு காரிலும் வடிவமைப்பாளர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: எஞ்சினுக்கு வரும் காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

போவதைப் பற்றித்தான் நம் பட்டறைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. உள்ளே வாங்க எல்லாரும் வாய் திறக்கிறார்கள். வெளியேற வழி விடுவதில்லை. பொனட்டின் பின்விளிம்பைத் தூக்கி நிறுத்தினால் வெப்பம் வெளியேறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கார் நிற்கும்போது அது உண்மை, சூடான காற்று மேலே எழும். ஆனால் ஓடும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று தேங்கி அழுத்தம் கூடுகிறது. அந்த இடத்தில் திறந்த வாய் காற்றை வெளியே விடாது, உள்ளே தள்ளும். ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் ஏறி அதன் ஊடாகக் காற்று ஓடுவதே குறையும். அழுத்தம் தாழ்ந்திருப்பது பொனட்டின் முன்பாதியில், அது வளைந்து மேலேறும் இடத்துக்குச் சற்றுப் பின்னால். ரேடியேட்டர் வழியே வந்த சூடான காற்றை அங்கே திறந்துவிட்டால் அது தானாக உறிஞ்சப்பட்டு மேலே போகும். காருக்கு அடியில் போய்த் தேங்கி முன்சக்கரங்களைத் தூக்கும் காற்றும் குறையும். குளிர்விப்பும் பிடிப்பும் ஒரே துளையில் கிடைக்கின்றன. இதற்குக் காற்றுச்சுரங்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பொனட்டின் மேல் வரிசையாகக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, ஓடும் காரை இன்னொரு காரிலிருந்து படம்பிடித்தால் காற்று எங்கே படிந்தோடுகிறது, எங்கே பின்வாங்குகிறது என்பது தெரிந்துவிடும். அழுத்தத்தை அளக்க வேண்டுமானால் சிறு துளையில் பொருத்திய மெல்லிய குழாயும் நீர் நிரப்பிய ‘யூ’ வடிவக் கண்ணாடிக் குழாயும் போதும். ஏப்ரலுக்கு முன் ஒரு பட்டறை இந்த அளவைச் செய்து துளையின் இடத்தைத் தீர்மானித்தால், இறக்கைக்கு ஒதுக்கிய பணத்தின் ஒரு சிறு பகுதியில் மகாகஸ்தோட்டைக்கு உண்மையாகவே வேகமான ஒரு கார் கிடைக்கும்.